சுமைதாங்கியைத் தாண்டிப் போன மூட்டை

கண்டிக்கு ரயில் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். வத்தேகமத்துக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்துகொண்டிருந்தோம். மழை தொடங்கிவிட்டது, பழம் பறிப்பு இன்னும் தொடங்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில், மடவளைக் கடைத்தெருவுக்குச் சற்று அப்பால், நடுரோட்டில், பட்டப்பகலில், கோழிகள் வேடிக்கை பார்க்க, எங்கள் இருவர் மானமும் போனது.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகன். கண்டியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நான் சொன்ன சில வார்த்தைகள் அச்சுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டார். ஆகவே என் வீட்டுக்காரரை நான் திட்டும் இடங்களில் காரம் குறைவாகத் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் அரிசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோப்பியைத் தின்று யாருக்கும் வயிறு நிரம்பாது. எங்களுக்கான அரிசி கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து, ரயிலில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தலையில் ஏறித்தான் தோட்டத்துக்கு வர வேண்டும். வண்டியில் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்துவிடும். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் வாரம் ஒரு முறை எங்களில் ஒரு கூட்டம் கண்டிக்கு இறங்கும். இரவு அரிசிக் கிட்டங்கியின் ஓரத்தில் படுத்துக்கொண்டு, காலையில் ஆளுக்கொரு சுமையோடு மலை ஏறும். ஆண்களுக்கு ஒரு புசல், அதாவது ஏறக்குறைய அரை மூட்டை; பெண்களுக்கு அரைப் புசல்.

சுமக்காதவர்களுக்கு ஒன்று தெரியாது. தலைச்சுமையை ஏற்றிவிடவும் இன்னொரு ஆள் வேண்டும், இறக்கிவிடவும் இன்னொரு ஆள் வேண்டும். ஏறிவிட்டால் அதன் பிறகு அது சொல்கிறபடிதான் நீங்கள் நடக்க வேண்டும். குனிய முடியாது, திரும்ப முடியாது, கொசு கடித்தால் அடிக்க முடியாது. அதற்காகத்தான் எங்கள் ஆட்கள் வழிநெடுக அங்கங்கே சுமைதாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் போய், முழங்காலைக் கொஞ்சம் மடக்கிச் சாய்ந்தால், மூட்டை தானாகக் கல்லுக்குப் போய்விடும். யார் தயவும் வேண்டாம்.

சுமைதாங்கியைக் கண்டால் இறக்கியே ஆக வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். களைத்திருந்தாலும் சரி, களைக்காவிட்டாலும் சரி. எல்லாரும் இறக்கி, வெற்றிலை போட்டு, தோட்டத்தில் இருக்கிற எல்லாரையும் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் ஏற்றுவோம். வெற்றிலை போடத்தான் அந்தக் கல்லை வைத்திருக்கிறார்கள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் வீட்டுக்காரர்.

அவர் நல்ல மனுஷர்தான். கல்யாணம் ஆனபோது சாதாரணமாகத்தான் இருந்தார். ஒரு தேர்த் திருவிழாவுக்குக் கண்டிக்குப் போன இடத்தில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மல்லன் மாட்டுவண்டியை முதுகால் தூக்கிக் காட்டினான். எல்லாரும் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். இவர் மட்டும் அந்த மல்லனை மனசுக்குள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வேலைக்கு எழுப்பும் தப்பு அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார். எங்கள் கூலி வீட்டு வரிசையான லயத்து வாசலில் தண்டால், அதற்குப் பிறகு பஸ்கி. பிறகு கொய்யாக் கட்டையில் தானே செதுக்கிய கர்லாக்கட்டையை எடுத்துச் சுழற்றுவார். ஒருநாள் அது கைநழுவிப் பக்கத்து வீட்டுக் காம்பராவின், அதாவது அறையின், கதவைத் தட்டியது. துரை வந்துவிட்டார் என்று நினைத்து உள்ளே இருந்தவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கும்பிட்டார். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய் எல்லாம் இவர் தொடையில் போயிற்று. நாங்கள் இருட்டில் சாப்பிட்டோம்.

இவ்வளவையும் செய்துவிட்டு நாள் முழுக்கக் காட்டில் மண் வெட்டப் போவார். அங்கேயும் மற்றவர்கள் ஒரு வரிசை வெட்டினால் இவருக்கு ஒன்றரை வெட்ட வேண்டும். கூலி என்னவோ ஒரே கூலிதான். கேட்டால், "உடம்பு இரும்பு புள்ள. தேய்க்கத் தேய்க்கத்தான் மினுங்கும்" என்பார். அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் காட்டினேன். அதுவும் இரும்புதான். தேய்ந்து தேய்ந்து அகப்பை அளவுக்கு வந்திருந்தது. மினுக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியாட்கள் பார்த்தது மார்பையும் தோளையும். நான் பார்த்தது வேறு. காலையில் அவர் முழங்காலை மடக்கினால் அடுப்புக்குச் சுள்ளி ஒடிப்பதுபோல் சத்தம் கேட்கும். இரண்டு கையும் பிடரிப் பக்கம் வளையவில்லை. தன் குடுமியைத் தானே முடிய முடியாமல் போய்விட்டது. அதை நான்தான் முடிந்துவிடுவேன். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, வெளியே யாருக்கும் தெரியாமல், ஏதோ திருட்டு வேலை செய்வதுபோல் முடிந்துவிடுவேன். அப்படியும் "இறுக்கிக் கட்டு" என்று அதட்டல் வேறு.

ஒரே பருவத்தில் அளவுக்கு மீறிக் காய்க்கிற கோப்பிச் செடிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் அதைக் காட்டிக் காட்டித் துரை சந்தோஷப்படுவார். அடுத்த வருஷம் அது குச்சியாக நிற்கும். அடுப்புக்குத்தான் ஆகும். இவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செடிதான் ஞாபகத்துக்கு வரும். சொன்னால் கேட்டால்தானே.

அந்த வாரம் அரிசிக் கூட்டத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். அவர்கள் சுமையை யார் கொண்டுவருவது என்று காலைப் பெரட்டில், எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி கேட்டார். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய இடம். இவர் முன்னால் போய், ரயிலில் வந்தபடியே ஒரு முழு மூட்டையைப் பிரிக்காமல் தன் தலையில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதோடு விட்டாரா? கண்டியில் ஏற்றினால் தோட்டத்தில்தான் இறக்குவேன், நடுவில் தரையில் வைக்க மாட்டேன், சுமைதாங்கிக் கல்லிலும் சாய மாட்டேன் என்று தோட்டத்து முனியாண்டி சாமியின் மேல் சத்தியம் செய்தார்.

பெரிய கங்காணிக்கு வேடிக்கை என்றால் உயிர். "சொன்னபடி செஞ்சிட்டா இனி அரிசிக் கூட்டத்துக்கு நீதான் தலைவன்" என்றார். கூட்டத் தலைவன் சுமக்க வேண்டியதில்லை. கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கலாம். சுமக்காத வேலையைப் பிடிப்பதற்காக இரண்டு ஆள் சுமையைச் சுமக்கப் போனார் என் வீட்டுக்காரர். அதில் இருக்கிற புத்தியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தலைவன் பதவியைப் பற்றிக் கவலையில்லை. அந்த மூட்டையில் இருந்தது எங்கள் பக்கத்துக் காம்பராக்கள் அத்தனைக்கும் ஒரு வாரச் சோறு. அது சேற்றில் விழுந்து உடைந்தால் அடுத்த வாரம் வரைக்கும் வேறு அரிசி கிடையாது. காய்ச்சல்காரர்கள் வீட்டிலும் கஞ்சிக்கு இருக்காது. அந்த வீட்டுப் பெண்கள் என்னிடம்தான் வந்து, "அக்கா, அரிசி பத்திரம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்திரம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கண்டியில் மூட்டையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். கழுத்து தோளுக்குள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். சும்மாட்டை இடமும் வலமுமாக நகர்த்திச் சரிசெய்தார்கள். எனக்கும் என் அரைப் புசலை ஏற்றிவிட்டார்கள். புறப்பட்டோம்.

மகாயாவைத் தெருவைத் தாண்டும் வரைக்கும் ராஜ ஊர்வலம்தான். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இவர் மீசையை முறுக்க ஆசைப்பட்டிருப்பார். கை மூட்டையில் இருந்ததால் முடியவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக்கு வந்தபோது கோயில் யானை ஒன்று ஆற்றில் படுத்துக் கிடந்தது. பாகன் அதன் வயிற்றைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தான். அது கண்ணை மூடிக்கொண்டு தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டியிருந்தது.

"யானையப் பாருங்க. அதுக்கு இல்லாத பலமா ஒங்களுக்கு? அதுவே படுத்துக் கெடக்கு" என்றேன்.

பார்க்க அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் வண்டி திரும்புவதுபோல் முழு ஆளும் திரும்ப வேண்டும். "பெறகு பாத்துக்கிறேன்" என்றார்.

பாலம் தாண்டியதும் முதல் சுமைதாங்கி. கூட்டம் சுமையை இறக்கிவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தது. இவர் நிற்கவில்லை. பெரிய சுமையோடு நிற்பது நடப்பதைவிடக் கஷ்டம், அதனால் போய்க்கொண்டே இருந்தார். "தலைவர் போறாரு, வழி விடுங்க" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த ஆள் தனியாகப் போய் எங்கேயாவது விழுந்தால் யார் பார்ப்பது? நானும் பின்னால் ஓடினேன்.

அடுத்த சுமைதாங்கியிலும் அதே கதை. அவர் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. கூட்டம் எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் பின்தங்கிவிட்டது. வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே போனேன். முதலில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு "உம்" என்று மட்டும் சொன்னார். பிறகு அதுவும் இல்லை. சுமை தாடையை அழுத்திப் பல்லைப் பூட்டிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவர் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். அந்த ஒரு சந்தர்ப்பத்தை நான் வீணாக்கவில்லை.

மடவளைக் கடைத்தெருவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பலா மரத்துக்குப் பக்கத்தில் அவருடைய வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. நின்றுவிட்டார். முன்னால் பார்த்தால், கூப்பிடு தூரத்தில், ரோட்டு வளைவில் அடுத்த சுமைதாங்கி தெரிகிறது. போக முடியவில்லை. போனாலும் சாயக்கூடாது என்று சத்தியம். கீழே போடலாம் என்றால் கணுக்கால் அளவு சேறு. நான் ஒருத்தி இறக்கலாம் என்றால் அந்த மூட்டை என்னைவிடப் பெரியது.

பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று, கை கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேணாம். சும்மா நிக்கிறேன்" என்றார்.

முழு மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், சும்மா நிற்கிறாராம். அவர்கள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் அவர்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன். "கூப்பிட்டே, அவ்வளவுதான்" என்றார். அதட்டத்தான் பார்த்தார். ஆனால் குரல் கீச்சென்று வந்தது.

அப்போதுதான் மூட்டையின் மூலைத் தையல் விட்டது.

முதலில் ஒரு மணி, இரண்டு மணியாக விழுந்தது. பிறகு நூல் கனத்துக்கு, அவர் காது வழியாக, தோளில் பட்டு, கீழே. எங்கிருந்தோ ஒரு கோழி வந்தது. அது என்ன சொல்லிக் கூப்பிட்டதோ, அந்தப் பக்கத்துக் கோழிகள் எல்லாம் வந்துவிட்டன. ஒன்று அவர் பாதத்தின் மேலேயே ஏறி நின்று பொறுக்கியது. உதைக்க அவருக்குக் கால் எழவில்லை. நான் ஒரு கையால் முந்தானையை ஏந்திக்கொண்டு, அவரைச் சுற்றிச் சுற்றி வந்து அரிசியைப் பிடித்தேன். கோழிகளைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், தஞ்சாவூர் மல்லனைத் திட்டினேன், மல்லனைப் பெற்றவளையும் திட்டினேன். அவர் தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. நான் திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் நிறுத்தவில்லை.

வளைவில் மணிச் சத்தம் கேட்டது. தாவள மாடுகள். வண்டி போகாத இடங்களுக்குப் பொதி சுமக்கிற மாடுகள், ஒன்றன் பின் ஒன்றாக. அவற்றை ஓட்டிவந்தவர் மடவளை முஸ்லிம் வியாபாரி ஒருவர். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும், ஒல்லியான ஆள். கூட அவருடைய ஆள் ஒருவனும் வந்தான். வந்தவர், வளைவிலிருந்த சுமைதாங்கிக்குப் பக்கத்தில் மாடுகளை நிறுத்தினார். ஒவ்வொரு மாட்டின் பொதியையும் இறக்கினார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

வந்து என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பூட்டிக்கொண்ட முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணிமையை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இந்த மாடு யார்ட?"

"என்னோடதுதான்" என்றேன்.

"பல்லு நல்லாத்தான் ஈக்கி. முட்டிதான் பெய்த்து." பல் நன்றாக இருக்கிறதாம், முட்டிதான் போய்விட்டதாம்.

என் வீட்டுக்காரர் மூட்டைக்கு அடியிலிருந்து, "நானா, நான் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். அழுகிற குரலில்தான் சொன்னார். அந்தப் பக்கத்து முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். என்ன சத்தியம் என்று நான் சொன்னேன். கங்காணி சொன்னதையும், காய்ச்சல்காரர்கள் வீட்டுக் கஞ்சியையும் சேர்த்துச் சொன்னேன். வியாபாரி தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு, தரையில் வைக்கக்கூடாது, கல்லில் சாயக்கூடாது, இந்த இரண்டும்தானே, மாட்டைப் பற்றி ஏதும் சொல்லவில்லையே என்று விசாரித்தார். மாட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு எல்லாரும் சத்தியம்தான்.

ஒரு பெரிய மாட்டைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒட்டினாற்போல் நிறுத்தினார். தானும் தன்னுடைய ஆளுமாக மூட்டையின் இரண்டு முனையையும் பிடித்து, தலையிலிருந்து அப்படியே மாட்டின் முதுகுக்குச் சரித்தார்கள். தரையிலும் படவில்லை, கல்லிலும் படவில்லை. முனியாண்டி மேலே இருந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

மூட்டை போனது. ஆனால் என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். கழுத்து உள்ளே, கை மேலே, இல்லாத மூட்டையைப் பிடித்தபடி. கையை நான் இறக்கிவிட வேண்டியிருந்தது. இறக்கியதும் பலா மரத்தடியில் போய், உட்காரவில்லை, விழுந்தார்.

வியாபாரி கோணி ஊசியை எடுத்து மூட்டையின் மூலையைத் தைத்துக்கொண்டே பேசினார். அதட்டலாக ஒன்றும் பேசவில்லை, மாட்டைப் பற்றித்தான் பேசினார். தன் மாடுகளில் ஒன்று பத்து வருஷத்துக்கு மேலாக இந்த வழியில் நடக்கிறது, இன்னும் நடக்கும் என்றார். எப்படி என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"களைக்க முந்தி எறக்கணும். களைச்ச பொறகு எறக்கினா அது எறக்கமில்ல, அது விழுகை. மாட்டுக்கு வாயில்ல, அதனால நான் பாத்து எறக்குறேன். ஒங்களுக்கு வாய் ஈக்கி. ஆனா அத சத்தியம் பண்ணத்தான் வச்சிக்கிறீங்க."

அப்போது எனக்கு வந்தது பாருங்கள் ஒரு சந்தோஷம். நான் வருஷக்கணக்காகக் கத்தியதை ஒரு அந்நியர் வந்து நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். விட்டுவிடுவேனா? "கேட்டீங்களா? காதுல விழுந்திச்சா? மாடு கூட எறக்குது" என்று மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். தண்டாலில் தொடங்கி, விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் இருட்டில் சாப்பிட்டது, கதவைத் தட்டிய கட்டை, அகப்பை ஆன மண்வெட்டி என்று ஒன்றையும் விடவில்லை. குடுமி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஓய்வு என்றால் என்ன, உடம்பு என்றால் என்ன, சுமைதாங்கியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். மழையையும் பார்க்கவில்லை.

வியாபாரி தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைத் தொப்பியில் குத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, ஏசினது காணும், போதும். ஒங்கட தலையில ஈக்கிறத எப்ப எறக்குற?"

நான் கையைத் தலைக்குக் கொண்டுபோனேன்.

அரைப் புசல். அப்படியே இருந்தது. கண்டியில் ஏற்றியது. பாலத்தடியில் இறக்கவில்லை, அடுத்ததிலும் இறக்கவில்லை, இங்கே நின்று கோழி விரட்டினேன், அரிசி பிடித்தேன், ஓய்வைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன், எல்லாம் அரைப் புசலைத் தலையில் வைத்துக்கொண்டுதான்.

மரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரித்தால் கழுத்து வலிக்கிறது, வலித்தால் "ஆ" என்கிறார், "ஆ" என்றதும் மறுபடி சிரிப்பு வருகிறது. "இந்த மாடு யாரோடதுன்னு கேளுங்க நானா" என்றார். எனக்கு வந்த கோபத்தை என் மருமகன் இங்கே எழுத மறுக்கிறார்.

வியாபாரியின் ஆள் என் சுமையை இறக்கிவிட்டான். அதுவரைக்கும் எனக்கு ஒரு வலியும் தெரியாது. இறங்கிய பிறகுதான் கழுத்து என்று ஒன்று இருப்பதும், அது எரிவதும் தெரிந்தது. நானும் போய் அவர் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்தேன். எங்கள் நடுவில் ஒரு கோழி வந்து நின்று, இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

வெற்றிலைச் சிவப்போடு கூட்டம் வந்து சேர்ந்தபோது நாங்கள் அப்படித்தான் இருந்தோம். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அவர்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

தோட்டத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை வரைக்கும் மூட்டையை அந்த மாடே கொண்டுவந்தது. அங்கே மூட்டையைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கூலியாக என்ன தர வேண்டும் என்று வியாபாரியைக் கேட்டோம். அவர் வேண்டாம் என்றார். "அந்தக் கோழியெல்லாம் நம்மடதான். கூலிய முந்தியே தின்னுட்டாங்க" என்றார்.

அரிசி ஏறக்குறைய முழுசாக வந்து சேர்ந்தது. கோழிகள் தின்ற குறைக்கு எங்கள் பங்கிலிருந்து போட்டேன். காய்ச்சல்காரர்கள் வீட்டில் அன்று மாலையே கஞ்சி வைத்தார்கள். தலைவன் பதவியைப் பெரிய கங்காணி வேறொருவருக்குக் கொடுத்தார். வழியில் எல்லாச் சுமைதாங்கியிலும் இறக்கி, எல்லா இடத்திலும் வெற்றிலை போட்டவர் அவர். மாட்டு முதுகு சத்தியத்தில் சேருமா சேராதா என்று என் வீட்டுக்காரர் சில நாள் வாதாடிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

கழுத்து நேராக ஒரு மாசம் பிடித்தது. அதன் பிறகு தண்டால் நின்றது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. காலையில் கொஞ்சம் கையைக் காலை நீட்டி மடக்குவார், வேர்க்கும் முன் நிறுத்திவிடுவார். மண்வெட்டியால் மற்றவர்கள் வெட்டுகிற அளவே வெட்டினார், வேண்டுமென்றே மெதுவாக, வரப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து. கங்காணி பார்த்தால் கல் பொறுக்குவதுபோல் காட்டிக்கொள்வார். கர்லாக்கட்டை எங்கள் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது, நல்ல கனம். சுமைதாங்கி விஷயத்தில்தான் ஆள் அதிகமாகப் போய்விட்டார். வெறுங்கையோடு போனாலும் குடையை அதன் மேல் வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் நிற்பார். ஒரு வருஷம் கழித்துக் குடுமியைத் தானே முடிந்துகொண்டார். அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, எல்லாரும் பார்க்கும்படி முடிந்தார்.

இப்போது கோப்பி இலையெல்லாம் நோய் விழுந்து மஞ்சள் பொடி பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாளில் அவரோடு போட்டி போட்டு வெட்டியவர்களில் பாதிப் பேர் கைகால் விளங்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் இன்னும் அரைப் புசல் தூக்குவார். முழுப் புசல் தூக்கச் சொன்னால் தூக்க மாட்டார். அதுதான் பெரிய விஷயம்.

என் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் மூட்டையை ஊரே பார்த்தது, அதனால் ஊரே இறக்கச் சொன்னது. காட்டு வேலை முடித்து வந்து, தண்ணீர் எடுத்து, விறகு ஒடித்து, ஆக்கி, கழுவி, பிள்ளைகளைப் படுக்க வைக்கிறவளைப் பார்த்து யாரும் "இந்த மாடு யாருடையது" என்று கேட்பதில்லை. பார்க்கிறவர்களைச் சொல்வானேன், எனக்கே அது கனமாகத் தெரியவில்லையே. அந்த நாளுக்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் அடுப்பு மூட்டும் முன் வாசலில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போடுவேன். சோறு தாமதமாகிறது என்று யாராவது முனகினால் பலமாகத் துப்புவேன்.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகளையோ, மகளையோ, இதை எழுதிக்கொண்டு இன்னும் விளக்கை அணைக்காமல் இருக்கிற மருமகனையோ பார்த்து, "கொஞ்சம் உட்காரேன், உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று கத்த வாயைத் திறக்கும்போதெல்லாம், முதலில் கையைத் தூக்கி என் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.